டெட் வில்லியம்ஸின் கோடு

டெட் வில்லியம்ஸ் பேட்டைப் பிடித்து நின்ற ஒவ்வொரு நூறு முறையிலும் சராசரியாக நாற்பத்தெட்டு முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார். 1939 முதல் 1960 வரை, பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற ஒரே அணிக்கு, பத்தொன்பது சீசன்களில் கிட்டத்தட்ட 9,800 வாய்ப்புகள், எல்லாம் சேர்த்து 0.482. மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் இதைவிட உயர்ந்த வாழ்நாள் ஆன்-பேஸ் விகிதம் யாருக்கும் இல்லை. இரண்டாவது இடத்தில் இருக்கும் பேப் ரூத்துக்கு 0.474.

பேஸ்பால் பற்றிக் கொஞ்சம் படித்த எல்லோருக்கும் இந்த எண் தெரியும். ஆனால் வாழ்நாள் சராசரி என்பது இருபது வருஷத்தை ஒரே புள்ளியாக நசுக்கிவிடுகிறது. அதைப் பிரித்து வருஷம் வருஷமாக வரைந்து பார்த்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, வரையும்போது நாம் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள் எப்படி ஒரு மனிதனின் வாழ்க்கையையே காட்டவோ மறைக்கவோ செய்கின்றன என்பதையும்.

கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். மைதானத்தின் நான்கு மூலைகளில், ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடங்கள்தான் பேஸ். அடித்துவிட்டு ஓடி, எதிரணி பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பேஸை அடைந்தால் அது ஹிட். பேட்டருக்கு எதிரே ஸ்ட்ரைக் சோன் என்று ஒரு கற்பனைக் கட்டம் இருக்கிறது. பந்து வீசுகிறவரான பிட்சர் அதற்கு வெளியே நான்கு பந்துகள் வீசி, பேட்டர் அந்த நான்கையும் பேட் வீசாமல் விட்டுவிட்டால், நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதுதான் வாக். பந்து உடம்பில் பட்டாலும் முதல் பேஸ். இந்த மூன்றையும் கூட்டி, மொத்த வாய்ப்புகளால் வகுத்தால் வருவதுதான் ஆன்-பேஸ் விகிதம், சுருக்கமாக ஓபிபி. பேட்டிங் சராசரி ஹிட்டை மட்டும்தான் எண்ணும், வாக்கைக் கண்டுகொள்ளவே செய்யாது, வகுக்கும் எண்ணில்கூடச் சேர்க்காது. ஒரு டெஸ்ட் பேட்ஸ்மேன் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை எவ்வளவு அழகாக விட்டாலும் ஸ்கோர்போர்டில் எதுவும் ஏறாது, ஆனால் பேஸ்பாலில் அப்படி நான்கு பந்தை விட்டால் ஒரு பேஸ் சம்பளமாகக் கிடைக்கிறது. வில்லியம்ஸ் அந்தச் சம்பளத்தை 2,021 முறை வாங்கினார்.

டேட்டா கிடைப்பதில் சிரமமே இல்லை. லாமன் டேட்டாபேஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து எல்லா வீரர்களின் சீசன்வாரி எண்களும் அதில் சிஎஸ்வி கோப்பாக இருக்கும். அதைத் திறந்து வில்லியம்ஸின் வரிசைகளை மட்டும் எடுத்து, ஓபிபி வாய்ப்பாட்டைப் போட்டால் 1953 வரை எல்லா வருஷமும் விடை காலியாக வரும். சாக்ரிஃபைஸ் ஃப்ளை என்ற பத்தியில் 1954-க்கு முன் எதுவுமே இல்லை என்பதுதான் காரணம். மூன்றாவது பேஸில் நிற்கும் தன் அணிக்காரர் ஓடி ரன் எடுக்கட்டும் என்று உயரத் தூக்கி அடித்து, தான் கேட்ச் ஆகிப்போவதுதான் சாக்ரிஃபைஸ் ஃப்ளை. 1940 முதல் 1953 வரை அதைத் தனியாக எண்ணவில்லை, சாதாரண அவுட்டாகவே கணக்கில் வைத்தார்கள். அந்தக் காலிக் கட்டங்களில் பூஜ்யத்தை நிரப்பினால் வாய்ப்பாடு வேலை செய்யும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 1941-ல் வில்லியம்ஸ் 0.406 அடித்தது பேட்டிங் சராசரியில் இன்றும் பேசப்படும் சாதனை, அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்குகளிலும் எவரும் ஒரு முழு சீசனில் 0.400-ஐத் தொடவில்லை. இன்றைய விதியில் அவர் அடித்த சாக்ரிஃபைஸ் ஃப்ளைகள் சராசரியின் கணக்கில் வராமல் போயிருக்கும், அதனால் எண் இன்னும் மேலே ஏறியிருக்கும் என்று ரசிகர்கள் அடிக்கடி வாதிடுவார்கள். சரிதான். ஆனால் ஓபிபிக்கு இந்தச் சண்டையே கிடையாது. அதன் வகுக்கும் எண்ணில் சாக்ரிஃபைஸ் ஃப்ளையும் சேர்த்திதான். அதை அவுட் என்று எழுதினாலும் தனிப் பத்தியில் எழுதினாலும் மொத்தம் ஒன்றே. ஆகவே 1941-ன் 0.553-ஐயும் 1957-ன் 0.526-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட எந்தத் தயக்கமும் வேண்டாம். விதி மாறினாலும் ஆடாமல் நிற்கும் அளவுகோல் கிடைப்பது, இந்த மாதிரி நீண்ட காலக் கிராஃப் வரைகிறவர்களுக்குப் பெரிய வரம்.

இப்போது முதல் படம். கீழ் அச்சில் சீசன், மேல்நோக்கி ஓபிபி, புள்ளிகளைக் கோடு இணைக்கிறது. ஆர் (R) என்ற கணினி மொழியில் இரண்டு வரி கட்டளை போதும், படம் வந்துவிடும். வந்த படம் அழகாகவும் இருக்கும். ஆனால் அது பொய் சொல்லும்.

1942-ல் 0.499. அடுத்த புள்ளி 1946-ல், 0.497. நடுவில் மூன்று சீசன்கள் இல்லை. வில்லியம்ஸ் அமெரிக்கக் கடற்படைக்குப் போய், மரைன் படையில் விமானி ஆகி, மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 24, 25, 26 வயது. கீழ் அச்சில் வருஷத்துக்குப் பதிலாக முதல் சீசன், இரண்டாம் சீசன் என்று வரிசை எண்ணைப் போட்டால் உலகப் போர் மொத்தமாகக் காணாமல் போய்விடும். வருஷத்தையே போட்டாலும், மென்பொருள் 1942-லிருந்து 1946-க்கு நேராக ஒரு கோடு இழுத்துவிடும். இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருப்பதால் அந்தக் கோடு வழக்கமான சீசன்களைப் போலவே தெரியும், பார்க்கிறவர் நின்று யோசிக்கவே மாட்டார்.

அதனால் 1943, 1944, 1945 மூன்றுக்கும் காலி வரிசைகளைச் சேர்த்து, கோட்டை அங்கே அறுத்துவிட வேண்டும். அறுத்துப் பார்த்தால்தான் ஆச்சரியம் தெரிகிறது. மூன்று வருஷம் மேஜர் லீக் பிட்சிங்கை எதிர்கொள்ளாத ஒருவர் திரும்பி வந்து, விட்ட உயரத்திலேயே புள்ளியை வைக்கிறார். வித்தியாசம் 0.002. பிறகு 1947-ல் 0.499, 1948-ல் 0.497, 1949-ல் 0.490. போருக்கு முன்னும் பின்னும் அது ஒரே கோடுதான், நடுவில் ஓர் ஓட்டை மட்டும்.

இரண்டாவது ஓட்டை கொரியப் போர். 1952-ல் ஆறே ஆட்டம் ஆடிவிட்டு மறுபடி மரைன் படைக்கு அழைக்கப்பட்டுப் போனார். அப்போது வயது 33. இந்த முறை பயிற்சி கொடுக்கும் வேலை இல்லை. பாந்தர் ஜெட்டில் 39 தாக்குதல் பறப்புகள். 1953 பிப்ரவரியில் குண்டடி பட்டு எரிந்துகொண்டிருந்த விமானத்தைச் சக்கரம் இறங்காமலேயே தரையில் இறக்கி உயிர்தப்பினார். அந்த ஆகஸ்டில் மைதானத்துக்குத் திரும்பி 37 ஆட்டங்கள் ஆடினார், ஓபிபி 0.509.

இங்கே இன்னொரு சிக்கல். 1952-ன் 0.500 என்பது மொத்தம் 12 வாய்ப்புகளில் ஆறு முறை பேஸை அடைந்தது. 1949-ன் 0.490 என்பது 730 வாய்ப்புகளில் 358. இரண்டுக்கும் ஒரே அளவில் புள்ளி வைப்பது நியாயமே இல்லை. புள்ளியின் பரப்பை வாய்ப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றினால் 1952 கடுகளவு சுருங்கிவிடும், 1949 பெரிய வட்டமாக நிற்கும், 110 வாய்ப்புகள் கொண்ட 1953 நடுவில் சின்னதாகத் தெரியும். ஒரு விஷயம் முக்கியம், ஆரத்தை மாற்றாமல் பரப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெரிய வருஷங்கள் தேவைக்கு மேல் வீங்கிப்போகும்.

சிலர் இந்த இடைவெளிகளைப் புள்ளிக்கோடு போட்டு நிரப்பி, போருக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று ஒரு கணிப்பை வரைவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணிப்பு எண்ணாகச் சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்பது தெரியும். அங்கே வெற்று இடம்தான் உண்மை. வெற்று இடத்தின் மேல் சின்ன எழுத்தில் உலகப் போர், கொரியா என்று எழுதிவிட்டால் போதும்.

அப்புறம் மேல்நோக்கிய அச்சு. 1959-ல் கழுத்து நரம்பில் வலி, தலையைத் திருப்பிப் பிட்சரைப் பார்ப்பதே கஷ்டம், பேட்டிங் சராசரி 0.254-க்கு விழுந்தது. அவர் வாழ்க்கையில் 0.300-க்குக் கீழே போன ஒரே சீசன் அது. ஓபிபி 0.372. அச்சை 0.350-ல் தொடங்கினால் இந்த வருஷம் மலையுச்சியிலிருந்து குதித்தது போல இருக்கும். பூஜ்யத்தில் தொடங்கினால் எல்லா வருஷமும் ஒன்றுபோலத் தெரியும், விஷயமே நீர்த்துப்போகும். நான் 0.300-ல் தொடங்கி, லீக் சராசரி எந்த இடத்தில் இருக்கும் என்பதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை போட்டேன். அந்த இருபது வருஷங்களில் அமெரிக்கன் லீக்கின் சராசரி ஓபிபி 0.32-க்கும் 0.36-க்கும் இடையில்தான் அலைந்தது. அந்தப் பட்டையோடு பார்க்கும்போது 1959 வேறு மாதிரித் தெரிகிறது. கழுத்தைத் திருப்ப முடியாத நாற்பது வயதுக்காரர், தன் மிக மோசமான சீசனிலும் சாம்பல் பட்டைக்கு மேலேதான் இருக்கிறார். மற்ற வருஷங்களெல்லாம் எங்கேயோ மேகத்தில். அடுத்த வருஷம், 1960-ல், 0.451-க்கு ஏறி, கடைசியாக பேட் பிடித்த வாய்ப்பில் ஹோம் ரன் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

கோடு எவ்வளவு உயரம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதற்கு அடுக்குப் பட்டைதான் சரி. ஒவ்வொரு சீசனுக்கும் நூறு வாய்ப்புகள் என்று வைத்துக்கொண்டு, கீழே ஹிட்டுக்கு ஒரு நிறம், அதன் மேல் வாக்குக்கு ஒரு நிறம், உடம்பில் பட்டதற்கு மெல்லிய ஒரு கீற்று. 1941-ல் ஹிட் 30.5, வாக் 24.3. வாழ்நாள் முழுவதற்கும் ஹிட் 27.1, வாக் 20.7.

இந்தப் பட்டைக்குப் பக்கத்தில் ஜோ டிமாஜியோவின் பட்டையை வையுங்கள். வில்லியம்ஸின் காலத்து எதிராளி, நியூயார்க் யாங்கீஸின் நாயகன், 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தவர். 2,214 ஹிட், 790 வாக், வாழ்நாள் ஓபிபி 0.398. நூறு வாய்ப்புக்கு என்று கணக்குப் போட்டால் டிமாஜியோவின் ஹிட் 28.9, வில்லியம்ஸைவிடக் கிட்டத்தட்ட இரண்டு அதிகம்! முதன்முறை இந்தப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது நான் எண்களைத் திரும்பவும் கூட்டிச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. பேட்டிங் சராசரியில் வில்லியம்ஸ் 0.344, டிமாஜியோ 0.325, ஆனால் மொத்த வாய்ப்புகளின் பங்காகப் பார்த்தால் டிமாஜியோதான் அதிக முறை ஹிட் அடித்தார், ஏனென்றால் வில்லியம்ஸின் வாய்ப்புகளில் ஐந்தில் ஒன்று வாக்காகவே முடிந்துபோனது. ஓபிபியில் இருவருக்கும் இடையே உள்ள 0.084 இடைவெளியை முழுக்க முழுக்க வாக்தான் உண்டாக்குகிறது. டிமாஜியோவுக்கு நூறு வாய்ப்பில் 10.3 வாக். வில்லியம்ஸுக்கு அதில் இரண்டு மடங்கு.

அந்தக் காலத்தில் இதை யாரும் பெருமையாகப் பேசவில்லை. அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் வாக் வாங்கிக்கொண்டு போகிறார், அணியைவிடத் தன் சராசரிதான் அவருக்கு முக்கியம் என்று விமர்சித்தார்கள். 1947-ல் வில்லியம்ஸ் சராசரி, ஹோம் ரன், தன் அடியால் அணிக்கு எடுத்துக்கொடுத்த ரன் மூன்றிலும் லீக்கில் முதலிடம், ஓபிபி 0.499, டிமாஜியோவின் ஓபிபி 0.391. சிறந்த வீரர் விருது 202-க்கு 201 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் டிமாஜியோவுக்குப் போனது. யாங்கீஸ் லீக்கை வென்றது, டிமாஜியோ சென்டர் ஃபீல்டில் அற்புதமாகத் தடுத்தாடினார், எல்லாம் சரி. ஆனாலும் பட்டைகளை வைத்துக்கொண்டு யோசித்தால், வாக்கின் நிறம் மட்டும் அன்று விருதுக்கு ஓட்டுப் போட்டவர்களின் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

அதைவிட மோசம் 1954. பயிற்சி முகாமின் முதல் நாளிலேயே கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து, தாமதமாகச் சீசனுக்குள் வந்தார். சராசரி 0.345, லீக்கில் அதுதான் அதிகம். ஆனால் பேட்டிங் பட்டம் 0.341 அடித்த கிளீவ்லாந்தின் பாபி அவிலாவுக்குப் போனது. பட்டத்துக்குத் தகுதி பெற 400 அட்-பேட், அதாவது வாக் போன்றவற்றைக் கழித்த வாய்ப்புகள், வேண்டும் என்பது அன்றைய விதி. வாக் அட்-பேட்டாகக் கணக்கில் வராது. வில்லியம்ஸுக்கு 386 அட்-பேட், 136 வாக். பதினான்கு தடவை வாக் வாங்காமல் மோசமான பந்தைத் துரத்தி அடித்து அவுட் ஆகியிருந்தால் தகுதி எண்ணிக்கை வந்திருக்கும். அந்த வருஷத்துப் பட்டையைப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் அரிதான ஒன்று தெரியும், வாக்கின் பகுதி ஹிட்டின் பகுதியைவிட உயரம்: 136 வாக், 133 ஹிட். ஓபிபி 0.513. பிறகு விதியை மாற்றினார்கள், இப்போது அட்-பேட்டுக்குப் பதில் மொத்த வாய்ப்புகளைத்தான் எண்ணுகிறார்கள். அதே 1954-ல்தான் அணி நிர்வாகியான பிராஞ்ச் ரிக்கி, ஆலன் ராத் என்ற புள்ளிவிவரக்காரரின் உழைப்பை வைத்து, பேஸை அடைவதைத்தான் அளக்க வேண்டும் என்று லைஃப் பத்திரிகையில் எழுதினார். லீக்குகள் ஓபிபியை அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாக ஏற்றுக்கொண்டது 1984-ல், முப்பது வருஷம் கழித்து.

சீசனுக்குள்ளே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 1949-ஐ எடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக வைத்து, பேஸை அடைந்திருந்தால் நிறம், அடையவில்லை என்றால் வெள்ளை. ஜூலை 1 முதல் செப்டம்பர் 27 வரை வெள்ளையே இல்லாமல் 84 கட்டங்கள். இன்றைக்கும் அதுதான் சாதனை; இரண்டாவது இடம் 1941 டிமாஜியோவின் 74. ஹிட் தொடரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், இந்த 84 பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த வருஷமும் அவருக்கு வருத்தம்தான், பேட்டிங் பட்டத்தை ஜார்ஜ் கெல்லிடம் 0.3429-க்கு 0.3428 என்று இழந்தார், ரெட் சாக்ஸ் கடைசி நாளில் யாங்கீஸிடம் லீக்கை விட்டது.

இந்த வாக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு ஜான் அண்டர்வுட்டுடன் சேர்ந்து எழுதிய "தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்" புத்தகத்தில் ஸ்ட்ரைக் சோனைப் பந்துகளால் நிரப்பியிருக்கும், அகலத்தில் ஏழு, உயரத்தில் பதினொன்று, மொத்தம் 77. ஒவ்வொரு பந்தின் மேலும், அந்த இடத்தில் வரும் பந்தை அடித்தால் தன் சராசரி என்னவாக இருக்கும் என்று எழுதி, நிறமும் கொடுத்திருப்பார். நடுவில் 0.400. வெளிப்பக்கக் கீழ் மூலையில் 0.230. இன்று கேமராவும் கணினியும் சேர்ந்து எல்லா வீரருக்கும் தயாரிக்கும் வெப்ப வரைபடத்தின் மூதாதை இதுதான். அந்த எண்கள் அளந்து எடுத்தவை அல்ல, அவருடைய மதிப்பீடு, அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. இளம் வயதில், முந்தைய தலைமுறையின் பெரிய பேட்டரான ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி அவருக்குச் சொன்ன அறிவுரை, அடிக்கத் தகுந்த பந்து வரும்வரை காத்திரு என்பது. அந்த 77 பந்துகளும் அந்த அறிவுரையின் வரைபடம். 0.230 பந்தை ஆரம்பத்திலேயே துரத்தாமல் விட்டதால்தான் பிட்சர்கள் நடுவை நோக்கி வர வேண்டியிருந்தது, வரப் பயந்தவர்கள் வாக் கொடுத்தார்கள்.

ஒரு சீசனின் உச்சம் என்று பார்த்தால் பாரி பாண்ட்ஸ் தாண்டிவிட்டார். அமெரிக்கன், நேஷனல் லீக்குகளின் கணக்கில் 1941-ன் 0.553 சாதனை 61 வருஷம் நின்று, 2002-ல் அவருடைய 0.582-ல் உடைந்தது, 2004-ல் 0.609. அந்த 2004 பட்டையில் 232 வாக், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை, அதாவது எதிரணி அவருக்குப் பந்து வீசவே மறுத்தது. பாண்ட்ஸின் வாக் பட்டையை இரண்டு நிறமாகப் பிரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பொறுமையும் பயமும் ஒன்றாகக் கலந்துவிடும். வில்லியம்ஸுக்கு அந்தப் பிரிப்பை அவருடைய பிற்காலத்துக்குத்தான் செய்ய முடியும், ஏனென்றால் வேண்டுமென்றே கொடுத்த வாக்கை லீக்குகள் தனியாக எண்ணத் தொடங்கியதே 1955-ல்தான். 1957-ல் 119 வாக்கில் 33 அப்படிப்பட்டவை. அந்த 33-ஐக் கழித்தாலும் 38 வயதில் 86 வாக் அவர் பந்து பார்த்து வாங்கியது, அதோடு 0.388 சராசரி. 1955-க்கு முந்தைய பட்டைகளை ஒரே நிறத்தில் விட்டிருக்கிறேன், படத்தின் ஓரத்தில் காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறேன்.